மருமவன் பாலிக்குப் போறானாம்

ஏல மருமவனே, நீ பாலித் தீவுல போய் உக்காந்துகிட்டு மெட்ராஸ் கம்பெனிக்கு வேலை பாக்கப் போறன்னு உங்கம்மா சொன்னா. "அங்கன அப்படி என்னதாம்டா இருக்கு?"ன்னு அவ கேட்டதுக்கு, மலை இருக்கு, அருவி இருக்கு, பச்சப்பசேல்னு வயக்காடு இருக்கு, தெருவுக்குத் தெரு கோயில் இருக்கு, காட்டுல குரங்கு இருக்குன்னு அடுக்கினியாம். அவ ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாத்துருக்கா. எதுத்தாப்புல குற்றால மலை, அதுல வெள்ளிக் கோடு போட்டாப்புல அருவி, இந்தப் பக்கம் இலஞ்சி வயக்காடு, அந்தப் பக்கம் தென்காசி காசி விசுவநாதர் கோபுரம், மொட்டை மாடியில காயப்போட்ட வத்தலைத் தின்னுக்கிட்டு ரெண்டு குரங்கு. ஒண்ணும் பேசாம அடுப்படிக்குப் போயிட்டாளாம். அவ நல்லவ. என்னால அப்படிச் சும்மா இருக்க முடியாது.

முதல்லயே சொல்லிருதேன், நான் போவாதன்னு மறிக்குத ஆளு இல்ல. ஊரு விட்டு ஊரு போயிப் பொழைக்கதுக்கு இந்தப் பக்கத்துல யாரும் வெக்கப்பட்டது கிடையாது. ஆனா ஒலகத்துலயே நீதான் இதை முதல்ல கண்டுபிடிச்ச கணக்கா, "மாமா, இனிமே நான் டிஜிட்டல் நோமாட்"னு போன்ல சொன்ன பாரு, அதுலதான் சிரிப்பு வந்துட்டு. ஜப்பான்காரர் சுகியோ மாகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் சேந்து 1997லயே அந்தப் பேருல ஒரு புஸ்தகம் போட்டுட்டாவ. அப்ப நீ பொறக்கவே இல்ல. நாங்க எல்லாம் எஸ்.டி.டி. பூத்துல வரிசையில நின்னு, மீட்டரைப் பாத்துப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தோம்.

அதுக்கும் முன்னால நம்ம குற்றாலத்துலயே நாடோடி ஒருத்தி இருந்தா. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூத்தாண்டுல எழுதின குற்றாலக் குறவஞ்சியில வாராளே, சிங்கி, அவதான். இடுப்புல ஒரு கூடை, கையில ஒரு கோலு, வாய் நிறையப் பேச்சு. வேற தளவாடம் கிடையாது, சார்ஜர் தேடுத சோலியும் கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் கைய நீட்டச் சொல்லுவா, குறி சொல்லுவா, கூலிய வாங்கிருவா. வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசு வாங்கினதுக்குப் பொறவு, அவ புருசன் சிங்கன் தேடிக்கிட்டு வந்து சேருதான். வந்தவன் "நல்லா இருக்கியாடி"ன்னா கேட்டான்? கால்ல கிடக்கது என்ன, அது எந்த ஊர்ல வந்தது, இதை யாரு குடுத்தான்னு உருப்படி உருப்படியா விசாரிக்கான். அவளும் அசராம ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாட்டுப் பேரச் சொல்லிக்கிட்டே வாரா. வருமான வரி ஆபீசர் கெட்டான் போ. அந்த நூலுக்காக மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலமே எழுதி வச்சாரு, குறவஞ்சி மேடுன்னு அதுக்குப் பேரு. நாடோடியப் பத்தி எழுதினவருக்கு நிலம் வந்துட்டு. நாடோடிக்கு வந்ததாத் தகவல் இல்ல.

சிங்கிய விசாரிச்சது புருசன் ஒருத்தன்தான். உன்னை விசாரிக்க ரெண்டு கவர்மெண்டு காத்துக்கிட்டு இருக்கு. இந்தோனேசியாவுல உக்காந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பாக்கதுக்குன்னே ஈ33ஜின்னு ஒரு விசா வச்சிருக்கான். வருசத்துக்கு 60,000 டாலர் சம்பாதிக்கணும், அதாவது நம்ம காசுக்கு 50 லட்சத்துக்கு மேல. உன் சம்பளச் சீட்டை உங்கம்மா எங்கிட்டக் காட்டிட்டா மருமவனே. முன்னால இருக்க எண்ணு நல்லாத்தான் இருக்கு, பின்னாலதான் பூச்சியம் பத்தல.

பாலி இல்லைன்னா தாய்லாந்துங்கியா? அங்க 2024ல ஒரு விசா வந்திருக்கு, 5 வருசம் செல்லும், ஒரு தடவ நுழைஞ்சா 180 நாள் இருக்கலாம். ஆனா பேங்க்ல 5 லட்சம் பாட் சும்மா கிடக்கணும். நம்ம காசுல 12 லட்சத்துக்கு மேல. உன் பேங்க்ல எது சும்மா கிடந்திருக்கு? துபாய்க்காரன் மாசம் 3,500 டாலர் காட்டச் சொல்லுதான். மலேசியாக்காரன் கொஞ்சம் இரக்கப்பட்டவன், 2022ல அவன் கொண்டாந்த டிஈ ரந்தாவ் திட்டத்துல ஐ.டி.க்காரனுக்கு வருசம் 24,000 டாலர் போதும்னுட்டான். எஸ்டோனியாக்காரன் 2020ல இதுக்குன்னு ஒரு விசா போட்டாலும் போட்டான், பொறவு நாட்டுக்கு நாடு கடை விரிச்சுட்டாவ.

நீ என்ன செய்யப் போறன்னு எனக்குத் தெரியாதாக்கும். டூரிஸ்ட் விசாவுல இறங்கிட்டு, ஏர்ப்போர்ட்டுல கேட்டா ஊரு சுத்திப் பாக்க வந்தேம்ப. வெளிய வந்ததும் காபிக் கடையில லேப்டாப்ப விரிச்சிருவ. டூரிஸ்டா வந்துட்டு வேலை பாத்தான்னு பாலியில வெள்ளைக்காரனையே பிடிச்சு விமானம் ஏத்தி விட்டிருக்காவ. உன் மூஞ்சிக்குச் சலுகை குடுப்பான்னு நம்பிக்கிட்டு இருக்காத.

வரிக் கணக்கும் கேட்டுக்கோ. ஒரு நிதியாண்டுல 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்தா நீ இந்த ஊருக்காரன்தான், எந்த நாட்டுல சம்பாதிச்சாலும் இங்கன கணக்குக் காட்டணும். அங்கிட்டுப் பல நாட்டுல 183 நாள் தாண்டினா அவனும் நீ என் ஆளும்பான். அப்ப நாடு நாடா மாறிக்கிட்டே இருந்தா யாருக்கும் கட்ட வேண்டாமேன்னு உன் மூளை ஓடுதது தெரியுது. டெல்லிக்காரன் மூளை உனக்கு முந்தியே ஓடிட்டு. 2020ல விதியே போட்டுட்டான்: எந்த நாட்டுலயும் வரி கட்டக் கடமைப்படாத இந்தியக் குடிமகனுக்கு, வெளிநாட்டு வருமானம் போக மிச்சம் 15 லட்சத்தைத் தாண்டினா, அவன் எங்கன சுத்தினாலும் இங்கன இருக்கதாவே கணக்கு. நல்ல ஆடிட்டர் ஒருத்தரைப் பாத்துட்டுப் போ. யூடியூப்புல சொல்லுதவனை நம்பிப் போவாத, அவன் வரி கட்டுதானா இல்லையான்னு அவனுக்கே தெரியாது.

அடுத்தது கடியாரம். பாலி நம்மளவிட 2.30 மணி நேரம் முன்னால ஓடுது. மெட்ராஸ்ல காலையில 10 மணிக்கு மீட்டிங்னா அங்க பகல் 12.30, அதுவரைக்கும் கடல்ல கிடக்கலாம்னு கணக்குப் போடுத. சரிதான். மெட்ராஸ்காரன் என்னைக்கு 7 மணிக்குக் கடைய அடைச்சான்? அடைச்சான்னே வச்சுக்கோ, உனக்கு அப்ப ராத்திரி 9.30. அமெரிக்காக் கிளையண்டு நம்ம நேரம் 9 மணிக்கு வந்தா உனக்கு 11.30. சூரியன் மறையுத போட்டோ எடுக்கணும்னா கூலிக்கு ஆளு வைக்கணும். வேண்டாம், லிஸ்பன் போறேம்ப. அங்க வெயில் காலத்துல நம்ம காலை 9.30 அவனுக்கு விடியக்காலம் 5. பனிக் காலத்துல 4. மார்கழி மாசம் பெருமாள் கோயிலுக்கு எழும்பச் சொன்னதுக்குப் போர்வைய இழுத்து மூடினவன் நீ.

இதெல்லாம் காகிதக் கணக்கு, எப்படியும் சமாளிச்சிருவ. நான் சொல்ல வந்தது வேற.

போன சீசனுக்கு ரெண்டு பெங்களூர்ப் பயலுவ நம்ம தெருவுல வீடு எடுத்துத் தங்கினானுவ. உன் கட்சிதான், லேப்டாப்புக் கட்சி. ஒருத்தன் பேரருவியில குளிச்சுட்டு ஓடி வந்து, இடுப்புல ஈரத் துண்டும் மேல இஸ்திரி போட்ட சட்டையுமாத் திண்ணையில உக்காந்து மீட்டிங் பேசிக்கிட்டு இருக்கான். பக்கத்துல தட்டுல நேந்திரம் சிப்ஸு. ஒரு கடுவன் குரங்கு சாவகாசமா இறங்கி வந்து, சிப்ஸ எடுத்துக்கிட்டு, அந்தக் கேமராவுக்கு நேர உக்காந்து ஒவ்வொண்ணாத் தின்னுச்சு. அந்தப் பக்கத்துல மேனேஜர் அது யாருன்னு கேட்டிருப்பாரு போல. இவன், "ஹவுஸ் ஓனர் சார்"னுட்டான். ஹவுஸ் ஓனரு என் மச்சினன், வாசல்லதான் நிக்கான். காதுல விழுந்தும் கோவப்படல. வாடகை முழுசும் அட்வான்ஸா வந்துட்டே, எப்படிக் கோவம் வரும்?

அந்த வாடகை எவ்வளவுன்னு நான் சொல்ல மாட்டேன், மச்சினன் சண்டைக்கு வருவான். ஆனா அதே வீட்டுல முன்னால குடியிருந்த வாத்தியார் குடும்பத்தை "சீசன் வருது, வேற இடம் பாத்துக்கோங்க"ன்னு சித்திரையிலயே கிளப்பிட்டான். அந்த வாத்தியார் பிள்ளைய இப்ப பஸ்ஸு மாறிப் பள்ளிக்கூடம் போவுதுவ.

வெளியூர்க்காரனுக்குச் சீசன்னா சாரலும் குளியலும் பார்டர் பரோட்டாவும். ஆனி பொறந்து, மேக்க இருந்து செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து இறங்கி, வெயிலுக்குள்ளயே பொசுபொசுன்னு தூத்த ஆரம்பிச்சா, நமக்குத் தெரியுத சீசன் வேற. ஐந்தருவி ரோட்டுல காரு நகராது. ஆட்டோக்காரன் நம்ம மூஞ்சியப் பாத்தும் வெளியூர் ரேட்டைச் சொல்லுவான். மங்குஸ்தானும் ரம்புட்டானும் நம்ம கண்ணு முன்னால விலையேறி, நம்மளத் தாண்டிக் கேரளா வண்டியில ஏறிப் போயிரும். சோப்பு, ஷாம்பு போடக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு, இருந்தும் ஷாம்புப் பாக்கெட்டு ஓடையில மிதக்கும். சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்தா வயலுக்குள்ள இறங்கி நின்னு போட்டோ எடுப்பாவ, விதைச்சவன் வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருப்பான். அருவிக்குப் பக்கத்துல பொறந்த நாங்க குளிக்கப் போறது ராத்திரி 2 மணிக்கு. அப்பத்தான் தலைய நீட்ட இடம் கிடைக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காசுலதான் பாதித் தெரு அடுப்பு எரியுது. எண்ணெய் தேச்சு விடுதவன், சிப்ஸ் போடுதவன், துண்டு விக்கிதவ, லாட்ஜுல தரை துடைக்கிதவ, எல்லாருக்கும் அந்த ரெண்டு மூணு மாசந்தான் வருசம். சாரல் பொய்ச்சாக் கண்ணீர் விடுதவங்களும் நாங்கதான். வந்தாலும் திட்டுவோம், வராட்டியும் திட்டுவோம். சுற்றுலா ஊர்க்காரன் புத்தி அது.

இப்ப நீ சொல்லு, பாலியில நீ யாரு? ஓட்டல்ல வணக்கம் போட்டு இளநி குடுத்தான்னதும் விருந்தாளின்னு நினைச்சுக்கிடாத. நீதான் அங்க சீசன்காரன். அதுவும் ஆவணியோட கிளம்பாத, பன்னண்டு மாசச் சீசன்காரன். சாங்குன்னு ஒரு ஊரு இருக்கு, உன் கூட்டாளிய எல்லாம் போய் விழுத இடம். வயக்காடா இருந்த ஊரு. இப்ப வில்லாவும் நீச்சல்குளமும் காபிக் கடையுமா நிக்கி. நீ போட்டோவுல பாத்து மயங்கின அந்தப் பச்சைய, உனக்கு ரூம் கட்டதுக்காகவே அழிச்சிருக்கான்.

ஒலகம் பூரா இந்த எரிச்சல் இருக்கு. 2024 ஜூலையில பார்சிலோனாவுல உள்ளூர்க்காரன் கூட்டமாக் கிளம்பி, ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்த டூரிஸ்டு மேல தண்ணித் துப்பாக்கியால அடிச்சான். நம்ம ஊருக்குத் தண்ணியில அடி வாங்கதுக்கும் தண்ணி அடிக்கதுக்கும் காசு செலவழிச்சு வாரான், அந்த ஊர்ல இலவசமாக் குடுத்துருக்கான். அந்த ஊர் மேயர், டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விடுத 10,000 வீட்டுக்கும் 2028க்குள்ள லைசென்ஸை நிப்பாட்டப் போறேன்னு சொல்லியிருக்காரு. 2025 ஜூலையில மெக்சிகோ நகரத்துல ஊர்வலமே போனாவ, வெளிநாட்டுல இருந்து லேப்டாப்போட வந்து உக்காந்தவங்களால எங்க வாடகை ஏறிப்போச்சுன்னு. உள்ளூர்ச் சம்பளக்காரன் தெருவ விட்டுக் காலி பண்ண வேண்டியிருக்கு, மச்சினன் வீட்டு வாத்தியார் மாதிரி. இதைப் பேப்பர்ல படிக்கும்போது எனக்கு மெக்சிகோ மேப்புல எங்க இருக்குன்னு தெரியாது, ஆனா அவன் வயித்தெரிச்சல் என்னன்னு நல்லாத் தெரிஞ்சது.

போயிருந்தும் பேர் கெடுக்காத ஆட்கள் இருக்காவ, தூரமா இல்ல, கடையநல்லூர்ல. நெசவு படுத்த காலத்துல அங்க இருந்து குடும்பம் குடும்பமா சிங்கப்பூருக்குக் கப்பலேறினாவ. நீ போறாப்புல "மனசை விரிவாக்க"ப் போவல, வயித்துக்குப் போனாவ. ஆம்பிளைய துறைமுக வேலை பாத்தாவ. பொம்பளைய தஞ்சோங் பகார் பக்கம் மசாலா அரைச்சு வித்தாவ. சம்பாதிச்சதுல ஊருக்கும் அனுப்பினாவ, போன எடத்துக்கும் செஞ்சாவ. 1941ல சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்னு சங்கம் வச்சு, 1946ல உமறுப்புலவர் பேர்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தினாவ. சிங்கப்பூர்ல இன்னைக்கும் கடையநல்லூர் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு இருக்கு. மசாலா அரைச்சவ பேரு எங்கயும் எழுதியிருக்காது, ஊரு பேரு பலகையில நிக்கி. நீ ஆறு மாசம் இருந்துட்டு வந்தா அங்க என்ன நிக்கும்? காபிக் கடை ஒய்ஃபை பாஸ்வேர்டு உன் போன்ல நிக்கும்.

"அப்ப மாமா, ஜோஹோ முதலாளி ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறையில இருந்துகிட்டே கம்பெனி நடத்தலையா?"ன்னு கேப்ப. கேப்பன்னு தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன். 2011ல ஜோஹோ தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்டப்ப நம்ம ஆட்கள் சிரிச்சாவ. பொறவு ஜோஹோ டெஸ்க்னு ஒரு மென்பொருளே இங்கன உருவாகி, அதை எந்தெந்த நாட்டுக் கம்பெனிக்காரனோ வாங்கி ஓட்டிக்கிட்டு இருக்கான். 2019ல அவரே கலிபோர்னியாவ விட்டு இங்கன வந்துட்டாரு. 2021ல பத்மஸ்ரீ குடுத்தாவ. வேட்டியோட சைக்கிள்ல போற போட்டோவை நீயுந்தான் லைக் போட்டிருக்க. ஒரு விசயத்தை மட்டும் கவனி. முதலாளி எங்கன உக்காந்தாலும் அது தலைமை ஆபீஸ். நீ எங்கன உக்காந்தாலும், "தம்பி லீவுல இருக்காப்லயா?"ன்னுதான் கேப்பாவ. அவரைப் பாத்து நீயும் மத்தளம்பாறைக்கு வான்னு நான் கூப்பிட மாட்டேன். அவரு கூட்டிட்டு வந்தது தன்னை மட்டும் இல்ல, வேலையையும் சேத்து. பக்கத்து ஊர்ப் பிள்ளைய டிபனைக் கட்டிக்கிட்டு அந்த ஆபீசுக்குப் போவுதுவ. நீ பாலிக்குக் கொண்டு போறது உன் வேலை ஒண்ணைத்தான், அதையும் திரும்பும்போது பையில போட்டுக் கொண்டாந்துருவ.

அதனால என் தீர்ப்பு இது. போ. தாராளமாப் போ. ஆனா சீசன்காரனைப் பத்தி இருவத்தஞ்சு வருசமா இந்தத் தெருவுல என்னென்ன வசவு கேட்டு வளந்தியோ, அதுல ஒண்ணு கூட அங்க உனக்குப் பொருந்தக் கூடாது. அந்த வசவெல்லாம் வேற எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்காத படிப்பு. டாலர்ல சம்பளம் வாங்குதவன் கேட்ட வாடகைய அப்படியே குடுத்துட்டுப் போவான், நீயும் அவனோட போட்டி போட்டு ஏத்தி விடாத. குடியிருக்கவனைக் கிளப்பிட்டுத் தாரேன்னு எந்த மச்சினனாவது சொன்னா அந்த வீடு வேண்டாம். கோயிலுக்குப் போனா கால்சட்டைய மாத்திட்டுப் போ, இங்கன வந்தவனை நீ என்ன சொல்லிச் சிரிச்சன்னு ஞாபகம் இருக்கட்டும். மார்க்கெட்டுல அந்த ஊர்ப் பாஷையில நாலு சொல்லு பேசு. தெரு முக்குல சோறு விக்கிதவகிட்ட அஞ்சுக்கும் பத்துக்கும் பேரம் பேசி அதை வீடியோ எடுத்துப் போடாத. கம்பெனிக்குச் சொல்லிட்டு, எழுத்துல வாங்கிட்டுப் போ. வீட்டுல இருக்கேன்னு பொய் சொல்லிட்டு, மீட்டிங்கு நடுவுல பின்னால கடல் இரைஞ்சா அது தென்காசியில இல்லங்கது மேனேஜருக்குத் தெரியும்.

அங்க போனா ஸ்கூட்டர் எடுப்ப, எடுக்காம இருக்க மாட்ட. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சர்வதேச லைசென்ஸ் வாங்கிக்கோ, 1 வருசம் செல்லும். கால உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் கேப்பான். ஹெல்மெட்டை முழங்கையில மாட்டாமத் தலையில மாட்டு. பாஸ்போர்ட்டுல 6 மாசத்துக்கு மேல ஆயுசு இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாரு, அதுக்குப் பொறவு டிக்கெட்டைப் போடு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி உங்கம்மா கட்டித் தருவா, வேண்டாம்னு ஸ்டைலு பண்ணாத, ரெண்டாவது வாரமே தேடுவ.

கடைசியா ஒண்ணு. உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, அவனுக்கு நீதான் எடுத்துச் சொல்லணும்"னு கேட்டிருக்கா. நானும் எடுத்துச் சொல்லுதேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அவ விசாரிச்சா, மாமா மூணு மணி நேரம் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாருன்னு சொல்லிரு.